முழுப்பதிவும் கணினியும்

இண்டெல் நிறுவனம் 1972இல் பினாங்கில் ஆலை நிறுவியது முதல் சில்லுத் தொழில் நமக்கு அயலானதன்று. ஆயினும் சில்லுகள் தம்முள் எவ்வாறு உரையாடுகின்றன என மாணவன் வினவினால் விடை கூற நாம் சற்றே தயங்குவோம்.

பல செயலிகள் ஒருங்கே உழைக்கும் கணினி, இணைநிலைக் கணினி எனப்படும். இந்தியாவின் சி-டாக் நிறுவனம் 1991இல் உருவாக்கிய பரம் 8000, 64 செயலிகள் கொண்டது. அவை ஒவ்வொன்றுக்கும் நான்கே இணைப்புகள். ஆகவே தொலைவிலுள்ள செயலிக்குச் செல்லும் செய்தி இடையிலுள்ளவற்றைக் கடந்தே செல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று நேரே பிணைப்பதாயின் 2,016 இணைப்புகள் தேவை. செயலிகள் ஆயிரமாயின் ஏறத்தாழ ஐந்து இலட்சம்!

இங்கேதான் ஒளி துணைக்கு வருகிறது. வெறுங்கம்பிகள் இரண்டு தொட்டுக்கொண்டால் செய்தி கெடும். ஒளிக்கதிர்களோ வெட்டவெளியில் ஒன்றையொன்று குறுக்கிட்டுக் கடந்தாலும் செய்தி கெடுவதில்லை. அக்கதிர்களை உரிய இடத்திற்குத் திருப்புவது ஹோலோகிராம் எனும் தகடு.

இம்முறையை 1947இல் கண்ட டென்னிஸ் கேபர் 1971இல் நோபெல் பரிசு பெற்றார். சாதாரண ஒளிப்படம் ஒளியின் செறிவை மட்டுமே பதிக்கும். ஹோலோகிராம் அலையின் கட்டத்தையும் பதிக்கும். இரண்டு ஒளியலைகள் கலப்பதால் தோன்றும் நுண்ணிய வரிகளே அப்பதிவு. பின்னர் லேசர் கதிர் அதன்மேல் படும்போது, அவ்வரிகள் விளிம்பு விளைவால் அதனைக் குறித்த திசைகளில் பிரித்து அனுப்பும். இதனால் ஒரு செயலியின் செய்தி ஒரே வேளையில் பல செயலிகளின் ஒளியுணரிகளை அடையும். ஜோசப் குட்மனும் அவர்தம் துணைவர் மூவரும் 1984இல் இவ்வழியை விளக்கி எழுதினர்.

இடர்களும் உள. தகடு இம்மியளவு விலகினும் கதிர் இலக்குத் தவறும். வெப்பத்தால் லேசரின் அலைநீளம் மாறினும் அவ்வாறே. பிரிக்கப் பிரிக்க ஒளியும் மங்கும். ஆதலின் இம்முறை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தோடு நிற்க, பெருங்கணினிக் கூடங்களில் ஒளியிழைகளே இடம்பெற்றன.

இனி, சொல்லுக்கு வருவோம். ஹோலோகிராமை 'முப்பரிமாணப் படம்' என்பது வழக்கு. ஆனால் இத்தகட்டில் காண்பதற்குப் படமே இல்லை. அது ஒளிக்கு வழி வகுக்கிறது. அச்சொல்லை மட்டும் கற்ற மாணவன் இப்பயனை எங்ஙனம் உணர்வான்? 'ஹோலோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'முழுமை' என்பது பொருள். செறிவும் கட்டமும் ஒருங்கே பதிவதால் 'முழுப்பதிவு' என்பதே பொருந்தும். தமிழாசிரியர்கள் இச்சொல்லை வகுப்பில் வழங்கிப் பார்ப்பார்களாக. செயலை உணர்ந்து ஆக்கிய சொல், பாதிப் பாடத்தைத் தானே நடத்திவிடும்.