மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது?

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த பிள்ளை, பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போன ஓரிரு ஆண்டிலேயே புத்தகப் பையை மூலையில் போட்டுவிட்டதை உங்கள் தோட்டத்திலும் பார்த்திருப்பீர்கள். "அவனுக்குப் படிப்பு ஏறல" என்று நாமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

அந்தப் பிள்ளையின் ஒரு நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். இருட்டோடு எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். நேற்றுவரை தமிழில் போட்ட கணக்கை இன்று மலாயில் போட வேண்டும். அதைப் பழக்கவே ரிமூவ் கிளாஸ் என்ற புகுமுக வகுப்பு வந்தது. அங்கேயே மனம் சோர்ந்து நின்றுவிட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். வீடு திரும்பினால் சந்தேகம் கேட்க ஆளில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய் வெயில் ஏற ஏற உழைத்து வந்த அம்மாவையும் அப்பாவையும் குறை சொல்ல முடியுமா?

இதற்கு நம் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. அது தோட்டத்தார் சேர்ந்து நடத்தும் மாலை வகுப்பு.

புதிய யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் சொன்னதே தவிர, பல தோட்டங்களில் கொட்டகைதான் பள்ளி, கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். பிறகு 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்துவது பெரிய காரியமா?

1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தைப் பலரும் அறிவீர்கள். பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் முன்வந்து, வார இறுதியில் பல ஊர்களில் நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் பட்டணத்து வகுப்புக்குப் போய்வரத் தோட்டத்துப் பிள்ளைக்கு பஸ் வேண்டும், காசு வேண்டும். ஆகவே சிறியதாக ஒன்றை லயத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் தோட்டத்தில் அப்படி ஒன்று நடந்தது. மின்சாரம் வராத காலம். மாலை ஆறு மணிக்கு எஞ்சின் ஓடத் தொடங்கும், பத்து மணிக்கு நின்றுவிடும். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த டிரசர் மகன்தான் எங்கள் ஆசிரியர். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து ஏழரைக்கு உட்காருவோம். முதல் வாரம் இருபது பேர் வந்தோம். மூன்றாவது வாரம் ஆறு பேர்தான். அண்ணன் வெறுத்துப்போய், "இனி வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

வகுப்பைக் காப்பாற்றியவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத நான்கு தாய்மார்கள். ஒரு நோட்டில் பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். வந்தவனுக்கு ஒரு கோடு. வராதவனின் வீட்டு வாசலில் மறுநாள் போய் நிற்பார்கள். என் அம்மாவும் அதில் ஒருவர். எனக்கே இரண்டு முறை கோடு விழவில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டேன்!

ஆகவே தொடங்குவது எளிது, மூன்றாவது வாரத்தைத் தாண்டுவதுதான் பாடு. சொல்லிக் கொடுப்பவருக்குச் சும்மா நன்றி மட்டும் சொல்லாதீர்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்து, சம்பள நாளன்று கையில் கொடுங்கள். திருவிழாவுக்கு மேளம் வைக்கக் காசு சேர்க்கத் தெரிந்த நமக்கு இது தெரியாதா? மலாயும் கணக்கும் முதலில் போதும். எல்லாப் பாடத்தையும் இழுத்துப் போட்டால் பிள்ளையும் ஓடிவிடும், ஆசிரியரும் ஓடிவிடுவார். அந்த ஒரு மணி நேரம் லயத்தில் தொலைக்காட்சி ஓடக்கூடாது. இதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை வரும், தயாராக இருங்கள்.

எழுத்துத் தெரியாதே என்று தயங்கும் தாய்மார்களே, பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். தடுமாறும் இடம் உங்கள் காதுக்கே தெரியும்.

அடுத்த கோயில் கமிட்டிக் கூட்டத்தில் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்: சாயங்காலம் மண்டபச் சாவி யாரிடம் இருக்கும்?