ஓடையில் கலக்கும் சாணம்: கடைமடை மக்களுக்குச் சட்டம் தரும் ஆயுதங்கள்

குற்றால அருவிகளில் சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் பயன்படுத்தக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்ததைத் தென்காசி வட்டாரத்தில் பலரும் அறிவர். அருவியில் விழுந்த அதே நீர்தான் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, வாய்க்கால்களிலும் குளங்களிலும் பிரிந்து, எஞ்சியது சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேர்கிறது. அந்தக் கீழ்வழியில் ஒரு பால் பண்ணையின் கழிவு ஓடையில் இறங்கினால் அதைக் கேட்பவர் யார்?

ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ வரை சாணம் இடுகிறது. மூத்திரமும் தொழுவம் கழுவும் நீரும் தனி. ஐம்பது மாடுகள் உள்ள பண்ணையில் சாணம் மட்டுமே ஒரு டன்னை நெருங்கும். இதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் வயலுக்கு உரம், ஓடைக்கோ கேடு. சாரல் காலத்தில் மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு நீரில் இறங்கும். பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகி, மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்ஸிஜன் தீர்ந்து மீன்கள் சாகும். தழைச்சத்தோ நைட்ரேட்டாக மாறி நிலத்தடி வழியே கிணற்றை அடையும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாத இந்த நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தால் நீங்காது, செறிவுதான் கூடும். கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்ஸிஜனை ஏந்தும் திறனை அது குறைக்கிறது.

தமிழகத்தின் எத்தனையோ ஊர்களில் பட்டியலின மக்களின் குடியிருப்பு தாழ்நிலத்தில், வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. மேலே கலப்பது கீழே அவர்களின் குடத்துக்கு வருகிறது. 1927 மார்ச்சில் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தலித் மக்களும் நீர் அருந்தியபின், சாதி இந்துக்கள் அக்குளத்தைச் ‘சுத்திகரிக்க’ 108 குடங்களில் ஊற்றியவற்றுள் சாணமும் மாட்டு மூத்திரமும் இருந்தன. எது தீட்டு, எது தூய்மை என்பதை வேதியியல் தீர்மானிக்காத நாடு இது.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அறிந்தே மாசுப் பொருளை நீரோடையில் கலக்க விடுவதைத் தடை செய்கிறது. ‘நீரோடை’ என்பதற்குள் தற்சமயம் வறண்டிருக்கும் ஓடையும் நிலத்தடி நீரும் அடங்கும் என்று அதன் வரையறையே கூறுவதால், “கோடையில் தண்ணீரே இல்லையே” என்ற பண்ணை உரிமையாளரின் வாதம் செல்லாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வெளியிட்டு 2021இல் திருத்திய வழிகாட்டு நெறிமுறைகளின்படி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் மாடுகளுள்ள பண்ணைக்கு மாநில வாரியத்தின் இசைவாணை வேண்டும்.

நம்மில் பலர் எடுத்தாளாத விதி வேறொன்று உண்டு. பட்டியலின, பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை, அப்பயன்பாட்டுக்குத் தகுதி குறையும்படி அசுத்தப்படுத்துவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எக்ஸ்) பிரிவின்கீழ் குற்றம். அச்சமூகங்களைச் சாராதவர் செய்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும். அவமதிப்பைப் பற்றிய ஆர் உட்பிரிவில் உள்ள ‘வேண்டுமென்றே’ என்ற சொல் இதில் இல்லை. நீர்த்தொட்டியில் மலம் கலந்த வேங்கைவயல் போன்ற கொடுமைகளுக்கு மட்டுமே உரிய பிரிவாக இதைச் சுருக்கிவிடக் கூடாது என்பது என் நிலைப்பாடு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒன்றிரண்டு கறவை மாடுகளை நம்பி வாழும் நிலமற்ற பெண்களின்மீது இந்தச் சட்டங்கள் பாயக் கூடாது. நிலமுள்ளவர் சாணத்தை வயலுக்கு அனுப்பலாம். நிலமற்றவருக்கு அதைக் கொட்ட இடமேது? ஊராட்சிதான் பொது எருக்குழிக்கு இடம் ஒதுக்க வேண்டும். ஊரகத் தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், கோபர்தன் பிரிவின்கீழ் சாண எரிவாயுக் கலன்களுக்காக ஒரு மாவட்டத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை அளிக்க வழியுண்டு. 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசியில், கிராம சபைத் தீர்மானத்தின் வழியே இதைக் கோரலாம்.

பெரிய பண்ணைகளைப் பொறுத்தவரை, இசைவாணை உள்ளதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் முதலில் கேளுங்கள். பண்ணைக்கு மேலேயும் கீழேயும் ஒரே நாளில் நீர் எடுத்து நைட்ரேட் சோதனைக்கு அனுப்புங்கள். மேல்நீரின் அளவு இல்லாமல் கீழ்நீரின் அளவு மட்டும் வழக்கில் அதிகம் உதவாது. புகாரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை 14ஆம் பிரிவின்கீழ் அணுக, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும்.