பனி வீதியில் நிதானமே துணை

போர்க்காலத்தில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து சுவிஸ் வந்து சேர்ந்தவள் நான். இப்போது கூர் நகரில் வசிக்கின்றேன். குளிர்காலத்தில் அரோசா என்னும் பனிச்சறுக்குக் கிராமத்தில், ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்வது என் தொழில். அரோசா ஏறத்தாழ 1,775 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மலை வீதி சுமார் 30 கிலோமீற்றர்தான். ஆனால் 360 வளைவுகள் என்பார்கள். வேலை நேரத்துக்கு ரயில் ஒத்துவராததால், சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து நானே காரில் போய்வரத் தொடங்கினேன்.

முதற் குளிர்காலத்தில் ஒருநாள் மாலை இறங்கி வரும்போது, ஒரு வளைவில் பயந்துபோய் பிரேக்கை அழுத்தி மிதித்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேரே வழுக்கிச் சென்று வீதியோரப் பனிக்குவியலில் முட்டி நின்றது. அதற்கப்பால் பள்ளம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் எனக்காகக் காத்திருந்தார்கள். ஷெல்லுக்குத் தப்பி வந்தவள், ஒரு வளைவில் போயிருப்பேன்.

பனி அகற்றும் வாகனத்தின் சாரதி ஒருவர் இறங்கி வந்து உதவினார். "வேகத்தை வளைவுக்கு முன்னரே, நேரான இடத்தில் குறைக்க வேண்டும். வளைவுக்குள் பிரேக் உங்களைக் காப்பாற்றாது" என்றார். அன்று முதல் இறக்கத்தில் சிறிய கியரில் இறங்குகின்றேன். அப்போது எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும். முன்னே போகும் வாகனத்துக்கு நிறைய இடைவெளி விடுகின்றேன். வழுக்கினால் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, போகவேண்டிய பக்கம் பார்த்து மெதுவாகத் திருப்புகின்றேன்.

பாலங்களிலும் நிழல் விழும் இடங்களிலும் கண்ணுக்குத் தெரியாத உறைபனி இருக்கும். குளிர்கால ரயரின் தவாளிப்பு 1.6 மில்லிமீற்றர் இருந்தால் சட்டம் ஏற்கும். ஆனால் பனிக்கு 4 மில்லிமீற்றராவது வேண்டும் என்பார்கள். சங்கிலிப் படமுள்ள நீலப் பலகையைக் கண்டால், இயங்கு சில்லுகள் இரண்டிலாவது சங்கிலி பூட்ட வேண்டும். அதை நான் வீட்டு முற்றத்திலேயே பூட்டிப் பழகிக்கொண்டேன். கண்ணாடியிலும் கூரையிலும் கிடக்கும் பனியை முழுவதும் தட்டிவிட்டே புறப்படுவேன். போர்வை, ரோச், தண்ணீர் எப்போதும் காரில் இருக்கும்.

நம் ஊரில் பனி இல்லை. ஆனால் மழை நனைத்த வீதியில் ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிக்கும் இதே பாடந்தான்: வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள்.

வேலை முடிந்து புறப்படும்போது மகளுக்கு ரெலிபோன் எடுப்பேன். "மெதுவா வாங்கோ அம்மா, சோறு ஆறினாலும் பரவாயில்லை" என்பாள். அந்தச் சொல்லுடன்தான் ஒவ்வொரு வளைவையும் கடக்கின்றேன்.