பின் ஆக்சிலின் பூர்வீகம்

வெள்ளாற்றங்கரைச் சேத்தியாத்தோப்பில், கரும்பு டிராக்டர்கள் சர்க்கரை ஆலையை நோக்கி ஊரும் சாலையில், பிக்கப்பாக உருமாறிய பழைய வில்லீஸ் ஜீப் ஒன்று தென்படுமாயின், அதன் வர்ணத்தில் மயங்காமல் குனிந்து பின் ஆக்சிலைப் பரிசோதிப்பதே விவேகம். இரண்டாம் உலக யுத்தகால ராணுவ ஜீப்பின் கிரவுன் வீலில் 39 பற்களும் பினியனில் 8 பற்களுமாக 4.88 என்ற விகிதம் அமைந்திருக்க, 1945இல் வந்த சிவிலியன் ஜீப்புக்கோ, பாரம் இழுக்கும் பிரயோஜனம் கருதி, 43க்கு 8 என்று அதை 5.38 ஆக்கினார்கள். விகிதம் பொறித்த சிறு தகடு கவரில் எஞ்சியிருந்தால் அதிர்ஷ்டமே. இல்லாவிடினும், கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் உயர்த்தி இரண்டு சுற்றுச் சுற்றுகையில், புரொபெல்லர் ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைந்தால் ராணுவ வம்சம், ஐந்தேகாலைத் தாண்டினால் சிவிலியன் என்று நிர்ணயிக்கலாம். முன் ஆக்சிலின் விகிதமும் ஒத்திராவிட்டால், கெட்டித் தரையில் நான்கு சக்கரங்களையும் இயக்குவது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஆபத்து.