நெல்லுக்கு அடிப்பது டிபி மருந்தா? ரைபோசோம் சொல்லும் கதை

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் தழைத்து நிற்கும்போது மழையும் காற்றும் சேர்ந்தால் ஒரு பயம் வரும். இலை நுனி மஞ்சளாகி, ஓரம் கருகி, வைக்கோல் மாதிரி காய்ந்துவிடும். பாக்டீரியா இலைக்கருகல் நோய். இதற்கு உரக்கடையில் பல வருஷமாகக் கொடுத்துவந்தது ஒரு சின்ன பாக்கெட்: ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடி. ஆமாம், காசநோய்க்கு ஊசியாகப் போட்ட அதே ஸ்ட்ரெப்டோமைசின்தான்.

நெல்லைத் தாக்கும் கிருமி வேறு, நுரையீரலைத் தாக்கும் கிருமி வேறு. ஒரே மருந்து ரெண்டையும் எப்படி அடிக்கிறது?

எல்லா ரைபோசோமும் ஒன்றா?

செல்லுக்குள் புரதம் தயாராகும் இடம் ரைபோசோம். மரபணுவின் நகலான எம்ஆர்என்ஏவை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, பத்தமடையில் பாய்க்குக் கோரை சேர்ப்பதுபோல, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கும். நம் குடலில் வாழும் ஈ.கோலையின் ரைபோசோமில் 54 புரதங்கள். மனித ரைபோசோமில் சுமார் 80. இந்த வித்தியாசம் இருப்பதால்தான் மருந்து கிருமியை அடித்து நம்மை விட்டுவைக்கிறது.

பாக்டீரியாக்களுக்குள்ளேயும் வித்தியாசம் உண்டு. ஈ.கோலையில் எஸ்1 என்ற புரதம், மடிந்து கிடக்கும் எம்ஆர்என்ஏவைப் பிரித்துக் கொடுக்கும். மண்ணில் வாழும் பாசில்லஸ் சப்டிலிஸில் இந்த வேலைக்கு எஸ்1 கிடையாது. அதனால் 'இங்கிருந்து படி' என்று காட்டும் அடையாளம் அதன் எம்ஆர்என்ஏவில் அழுத்தமாக இருந்தாக வேண்டும். டிபி கிருமியின் உறவுக்கார பாக்டீரியா ஒன்றில், ஈ.கோலையில் இல்லாத 2 குட்டிப் புரதங்களை 2017இல் கண்டுபிடித்தார்கள்.

மாறாத ஒரு இடம்

எஸ்12 கதை வேறு. எம்ஆர்என்ஏவைச் சரியாகப் படிக்கிறதா என்று ரைபோசோம் சோதிக்கும் இடத்தில் இந்தப் புரதம் இருக்கிறது. இனத்துக்கு இனம் அதிகம் மாறுவதில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு 2000இல், வெந்நீர் ஊற்று பாக்டீரியா ஒன்றின் ரைபோசோமில் ஸ்ட்ரெப்டோமைசின் எங்கே உட்காருகிறது என்று காட்டியது. எஸ்12ஐத் தொட்டுக்கொண்டுதான்! ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருந்து அங்கே உட்கார்ந்ததும் ரைபோசோம் தப்புத் தப்பாகப் படிக்கத் தொடங்கும்.

தப்பிக்கும் வழியும் அதே இடத்தில்தான். டிபி கிருமியின் எஸ்12இல் 43ஆவது இடத்தில் லைசின் இருக்கிறது. மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் அது ஆர்ஜினின் ஆகிவிடும். அவ்வளவுதான், ஸ்ட்ரெப்டோமைசின் வேலை செய்யாது. இலைக்கருகல் பாக்டீரியாவிலும் இதே 43ஆவது இடத்து மாற்றத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

வயலில் தெளித்தால் டிபிக்கு மருந்து கேட்காமல் போகுமா?

நேரடியாக இல்லை. 43ஆவது இட மாற்றம் அந்தந்தக் கிருமியின் சொந்த மரபணுவில் நடப்பது. வயலிலிருந்து நுரையீரலுக்குத் தாவாது. கவலை வேறு இடத்தில். ஸ்ட்ரெப்டோமைசினைச் செயலிழக்க வைக்கும் சில மரபணுக்கள் பிளாஸ்மிடு எனும் வளையங்களில் ஏறி, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். செடிக் கிருமிகளிலும் மனித உடலில் கிடைத்த பாக்டீரியாக்களிலும் இவை இருக்கின்றன. வயலில் வடியும் தண்ணீர் சேரும் ஆற்றிலிருந்துதான் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் போகிறது என்பதை மறக்க முடியாது.

இந்த மருந்துகளை 2024 ஜனவரி 1 முதல் விவசாயத்தில் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வரைவு உத்தரவு வெளியிட்டது. விவசாயிக்கு மாற்று வேண்டுமே? 20 சதவீதப் பசுஞ்சாணிக் கரைசலைத் தெளிப்பது, நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளாமல் விடுவது, யூரியாவைப் பிரித்துப் போடுவது என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகளிலேயே வழி இருக்கிறது. இலைக்கருகலைத் தாங்கும் 3 மரபணுக்களைக் கொண்ட மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியும் 2008லேயே வந்துவிட்டது. ஆனால் அது சன்ன ரகம். இட்லிக்கு அம்பை 16தான் வேணும் என்று கேட்கும் நம்ம ஊரில், அதே எதிர்ப்புச் சக்தியைக் குண்டு அரிசியிலும் கொண்டுவந்தால்தான் விவசாயி அந்தப் பாக்கெட்டைக் கேட்க மாட்டார்.