ஏலே, டெலஸ்கோப்பு எந்த வண்டிக்கு?

நாளை விடிந்தால் குளத்துப் பறவைக் கணக்கெடுப்பு. இன்று மாலை கூடத்துக்குள் நடப்பதோ அசல் பாகப்பிரிவினை! மேசைமேல் பைனாகுலர்கள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றின் வாரிலும் பிளாஸ்திரித் துண்டு, அதில் எந்த அமைப்பின் சொத்து என்று பேனா எழுத்து. வேடிக்கை என்னவென்றால், ஒரு அமைப்பின் பைனாகுலர் அந்த அமைப்பின் ஆள் கழுத்தில் தொங்குவது அபூர்வம். குளத்தின் அகலத்தைப் பார்த்துத்தான் கண்ணாடி. சின்னக் குளத்துக்குப் போகிறவர்களுக்கு பைனாகுலர் போதும், மறுகரை தெரியாத பெரிய குளத்துக்கு டெலஸ்கோப். அது கையில் எண்ணக்கூடிய அளவே இருப்பதால், "அண்ணாச்சி, போன வருசமும் எங்களுக்குக் கிடைக்கல" என்று ஒரு மூலையிலிருந்து முனகல்.

இந்தத் திரைமறைவுக் கூத்தைப் பார்க்கத்தான் வந்தேன். சொல்கிறேன், பறவையை விட இது ருசி!

தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு 2011இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. மணிமுத்தாறில் ஏட்ரீ நிறுவனம் நடத்தும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், தூத்துக்குடியின் முத்துநகர் இயற்கை அறக்கட்டளை, நெல்லை இயற்கைச் சங்கம் என்று மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து வைக்கும் விசேஷம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களைக் குழு குழுவாகப் பிரித்துக்கொண்டு எண்ணுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் லீவு போட்டு வந்து சேருகிறார்கள்.

ஏன் சேர வேண்டும், ஒரே மையம் எண்ணினால் ஆகாதா? ஆகாது. பொதிகையில் இறங்கி புன்னைக்காயலில் கடல் சேர்வதற்குள் தாமிரபரணி ஆற்றை எட்டு அணைக்கட்டுகள் மறித்துக் கால்வாய்களில் திருப்புகின்றன. அந்தக் கால்வாய்கள் குளம் குளமாக நிரப்பிக்கொண்டே போகின்றன. பறவைக்கு அத்தனையும் ஒரே வீடு. காலையில் ஒரு குளத்தில் மேய்ந்த நாரை மதியம் அடுத்த குளத்தில் நிற்கும். ஒரு மையம் தனியாக இன்றைக்கு இங்கே, அடுத்த வாரம் அங்கே என்று சுற்றினால், ஒரே நாரையைப் பத்து தடவை எண்ணிவிட்டு 'ஆகா, பெருகிவிட்டது!' என்று அறிக்கை விடலாம். எல்லாக் குளத்திலும் சேர்ந்தாற்போல் கண்கள் இருந்தால்தான் எண்ணுக்கு மதிப்பு. அத்தனை கண்கள் எந்த ஒரு மையத்திடமும் இல்லை. ஒருவரிடம் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இன்னொருவரிடம் எந்தக் கரையில் கார் ஏறும், எந்த மடை பக்கம் சேறு காலை வாங்கும் என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பின்னவர்கள் இல்லாவிட்டால் முன்னவர்கள் கருவேலங்காட்டில் மாட்டிக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான்.

பயிற்சி ஆரம்பம். திரையில் ஒரு வாத்துக் கூட்டத்தின் படம் வந்து, சில வினாடியில் மறைகிறது. எத்தனை? ஒரு பையன் 200 என்கிறான். பக்கத்து டீச்சர் 900. கூடமே சிரிக்கிறது. பிறகு சூத்திரம் சொல்லித் தருகிறார்கள்: முதலில் பத்துப் பறவையை ஒழுங்காக எண்ணு. அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள். அந்த இடத்தை அப்படியே கூட்டத்தின்மேல் நகர்த்திக்கொண்டே போ. கூட்டம் பெரிசானால் பத்துக்குப் பதில் நூறு. மறுபடி படம் போட்டபோது டீச்சரும் பையனும் ஏறக்குறைய ஒரே எண்ணுக்கு வந்துவிட்டார்கள். நான் மட்டும் எங்கேயோ நின்றேன், அதை விடுங்கள்.

கையில் கொடுக்கும் படத்தாள்களும் பொதுச்சொத்துதான். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனின் 'ஏர்லி பேர்ட்' குழு தமிழிலும் பறவைப் படங்களைப் போட்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறது. நல்ல சார்ட்டுகளை வாங்கி பீரோவில் பூட்டி, இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் சுவரில் மாட்டும் மையங்களையும் பார்த்திருக்கிறேன். டீக்கறை படிந்து மூலை மடங்கிய தாளுக்குத்தான் என் ஓட்டு.

விடியற்காலை. ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு குளத்தங்கரை. பனிக்குள்ளிருந்து முதலில் வருவது சத்தம்தான். நாமக்கோழிகளின் சலசலப்பு, நீலத் தாழைக்கோழியின் கரகரப்பு. வெளிச்சம் ஏற ஏற, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தாமரை இலைமேல் விரல் பரப்பி நடக்கும் இலைக்கோழி! கூழைக்கடா ஒன்று பையைத் திறந்து மீனைத் தண்ணீரோடு அள்ளியது. என் வாயும் திறந்துதான் இருந்தது. ஒருத்தி பார்த்துச் சொல்ல, ஒருத்தன் எழுத, மூன்றாமவர் கைபேசியில் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில் ஏற்றுகிறார். சைக்கிளை நிறுத்திய பெரியவர் கேட்டார்: "கொக்க எண்ணுதியளோ? எண்ணுனா துட்டு தாறாவளா?" இல்லை என்றதும் எங்களை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் போகும்போது, "அந்தால வடக்க கரைக்குப் போங்க, அங்கனதான் நெறைய உக்காரும்" என்றார். போனோம். அங்கேதான் அரிவாள்மூக்கன் கும்பல்!

திடீரென்று ஒரு பெருங்கூட்டம் எழும்பிக் கிழக்கே பறந்தது. எங்கள் தலைவர் போனை எடுத்தார்: "தம்பி, ஒங்க பக்கம் வாத்து வருது. ஆறு அம்பதுக்குக் கெளம்பிச்சு. எண்ணிட்டோம், நீங்க எண்ணாண்டாம்!"

தகவல் போய்ச் சேரவில்லை என்பது தாள்களை ஒன்றுசேர்க்கும்போதுதான் தெரிந்தது. இரண்டு குழுவின் தாளிலும் அதே கூட்டம். நேரத்தையும் திசையையும் வைத்துப் பஞ்சாயத்து நடந்தது, பக்கத்துக் குழுவின் எண்ணைச் சிவப்பு மை அடித்தது. அடிபட்டவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இழப்பீடாக ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். அடுத்த வருசம் டெலஸ்கோப் அவர்கள் வண்டிக்கு. இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.