சேமிப்பும் சட்டமும்

அரசு வகுக்கும் தொழிற்கொள்கை தொழிற்கூடத்தின் வாயிலோடு நின்றுவிடுவதில்லை. தொழிலாளியின் அடுக்களை வரை செல்கிறது. 2016ஆம் ஆண்டு பெங்களூருவில் நடந்த பெண் தொழிலாளர் போராட்டம் இதற்குச் சான்றாகும்.

பெண்களின் உழைப்பு

பெங்களூரு, இந்தியாவின் ஆயத்த ஆடை உற்பத்தி மையங்களுள் ஒன்று. அங்குத் தைப்போருள் பெரும்பாலோர் பெண்கள். ஒருவர் கழுத்துப்பட்டை தைப்பார். அடுத்தவர் கையைப் பொருத்துவார். மற்றொருவர் பொத்தான் வைப்பார். மணிக்கு இத்தனை உருப்படி என்னும் இலக்கும் உண்டு. நாள் முழுதும் குனிந்தே தைப்பதால் முதுகுவலியும் கண்சோர்வும் நேர்கின்றன. ஆதலின், முதுமை வரை இப்பணியில் நீடிப்போர் சிலரே.

வருங்கால வைப்பு நிதி

1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், தொழிலாளியின் அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 12 விழுக்காடு வைப்பு நிதிக்காகப் பிடித்தம் செய்யப்பட்டது. நிறுவனமும் 12 விழுக்காடு செலுத்தியது, அதில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்திற்கும் எஞ்சியது வைப்பு நிதிக்கும் சேர்ந்தது. பணியை விட்டு இரண்டு மாதம் வேலையின்றி இருப்பவர், வைப்பு நிதி முழுவதையும் பெறலாம் என்பது அன்றைய விதி. மாத ஊதியம் வாடகைக்கும் உணவுக்கும் கரைந்துபோகும் குடும்பங்களில், பிள்ளைகளின் கல்விக்கும் கடனை அடைப்பதற்கும் இத்தொகையே கைகொடுத்தது.

திருத்தமும் எதிர்ப்பும்

2016 பிப்ரவரியில் மத்திய அரசு இவ்விதியைத் திருத்தியது. தொழிலாளி தம் பங்கையும் அதற்குரிய வட்டியையும் மட்டுமே எடுக்கலாம்; நிறுவனத்தின் பங்கைப் பொதுவாக 58 வயதில்தான் பெற இயலும் என்றது. முதுமைக்குச் சேமிப்பு வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால், 35 வயதில் வேலையை இழக்கும் பெண் அத்தொகைக்காக 23 ஆண்டுகள் காத்திருக்க நேரும்.

ஏப்ரல் 18, 19 ஆகிய நாள்களில் பல்லாயிரம் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, ஓசூர் சாலை உள்ளிட்ட இடங்களில் மறியல் செய்தனர். போராட்டத்தினூடே பேருந்துகள் எரிக்கப்பட்டன; காவல்துறை தடியடி நடத்தியது. 19ஆம் நாளே அரசு திருத்தத்தைத் திரும்பப் பெற்றது.

எஞ்சி நிற்கும் வினா

பழைய விதி மீண்டதால் உடனடித் தேவைக்கு வழி கிடைத்தது. எனினும், சேமிப்பைச் செலவிட்டுவிட்ட பெண் முதுமையில் எதைக் கொண்டு வாழ்வார் என்னும் வினா எஞ்சுகிறது. உடலை வருத்தாத பணிச்சூழலும் சேமிக்கப் போதுமான ஊதியமும் அமைந்தால்தான் அதற்கு விடை கிடைக்கும். சட்டம் இயற்றுவோர், அச்சட்டத்தின்கீழ் வாழ்வோரின் நிலையை முன்னரே கேட்டறிதல் இன்றியமையாதது.